முன்தேதி

செவ்வாய் இரவு ஒன்பது பத்துக்குக் கை தூக்கினார்கள்.
ஐந்துக்கு நான்கு.
கடலிலிருந்து வீடு தள்ளி நிற்கவேண்டிய தூரம்
பதினைந்து மீட்டராக இருந்தது
நாற்பத்தைந்தானது.
அதோடு விட்டிருக்கலாம்.
ஜெர்வே துசே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்:
மார்ச் ஒன்று முதல் அமலுக்கு வந்ததாகக் கருதப்படும்.

அன்று மே பதினான்கு.

கருதப்படும்.
பத்து வாரங்களை விழுங்கிவிட்டு
வாயைக்கூடத் துடைத்துக்கொள்ளாத சொல்.

நான் இந்த ஊராட்சியின் கட்டட ஆய்வாளர்.
புதன் காலை, ஃபண்டி விரிகுடா வற்றிச்
செஞ்சேறாய்க் கிடந்த நேரம்,
ஆன்செல்ம் சுரெத்தின் மனைக்குப் போனேன்.
திங்கள் மாலை ஊற்றிய அடித்தளம்.
லாரி தாமதமாம், விளக்கு வைத்து ஊற்றினார்களாம்.
ரசீதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச்
சட்டைப்பையில் வைத்திருந்தான்,
மருந்துச் சீட்டைப்போல.

ஒரு மூலையில் ரக்கூன் நடந்த தடம்,
ஐந்து விரல், குழந்தைக் கை மாதிரி.
ஈரமாயிருந்த இரவுக்கு அது ஒன்றுதான்
காசு வாங்காத சாட்சி.

நண்டு ஆலையின் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே வந்து
மோனிக் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.
இருபத்தொரு மீட்டர் முப்பது.

'திங்கட்கிழமை இது சரிதானே?'
சரிதான்.
'அப்புறம் என்ன ஆச்சு?'
ஒன்றும் ஆகவில்லை. கான்கிரீட் இறுகியது.
ஊற்றும்போது சட்டப்படி,
உறையும்போது விதிமீறல்.

இறந்த காலம் என்கிறோம்.
இறந்ததை உலுக்கி எழுப்பிக்
கூண்டில் நிறுத்த ஒரு வரி போதும்.
முன் என்றால் கடந்து போனது,
முன் என்றால் எதிரில் நிற்பதும்.
ஒரே சொல்லின் இரண்டு வாசலுக்கும் நடுவே
நாடாவைப் பிடித்தபடி நின்றேன்.

ஹாலிஃபாக்ஸ் வக்கீல் எழுதியிருந்தார்:
வாங்கிய அனுமதி காப்பாற்றாது,
தொடங்கிய வேலை காப்பாற்றலாம்.
அந்த 'லாம்'-இன் கீழே கோடு.
தொடக்கம் எது, ஐயா?
மரம் வெட்டியதா, கயிறு கட்டியதா,
கடன் பத்திரத்தில் மோனிக் கையெழுத்திட்ட
அந்த மழை மதியமா?

ஜெர்வே கெட்டவர் இல்லை.
போன செப்டம்பர்ப் புயலில் அவர் தங்கை ஒதிலின்
சமையலறையைக் கடல் எடுத்துக்கொண்டது.
விடிந்தபோது சேற்றின் நடுவே ஃபிரிட்ஜ் மட்டும் நின்றது,
கதவு திறந்து, உள்ளே கடுகு பாட்டில் அப்படியே.
போனில் கத்தினார்:
'எழுபத்தெட்டில் அனுமதி வாங்கினவள் ஒதில்.
கடல் அதைக் கேட்டுக்கொண்டா வந்தது?'

பதில் இல்லை என்னிடம்.
அவர் சொல்வது நியாயம். அதுதான் எரிச்சல்.
காரணம் மெய், தேதி பொய்.
இரண்டையும் ஒன்றாகத் தைத்து
என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கடலுக்குச் சட்டம் இல்லை, சரி.
அதற்காகச் சட்டமும்
கடலைப்போல நடந்துகொள்ள வேண்டுமா?

காரின் மூக்கில் படிவத்தை வைத்து எழுதினேன்.
வேலை தொடங்கிய நாள்: மே 13.
அன்றிருந்த விதி: பதினைந்து.
பேனா குளிரில் இரண்டுமுறை மக்கர் செய்தது.
ஜெர்வே மதியத்துக்குள் கூப்பிடுவார்,
அதற்குமேல் நீதிமன்றம் இருக்கிறது.

'அப்போ கட்டலாமா?' என்றான் ஆன்செல்ம்.

அலை திரும்பத் தொடங்கியிருந்தது,
சேற்றின் ஓடைகளில் முதலில், சத்தமில்லாமல்.
கட்டலாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு.
கட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

மோனிக் நுனியை விட்டுவிட்டாள்.
இருபத்தொரு மீட்டரும் சரசரவென்று
புல்லில் இழுபட்டு வந்து
என் கைக்குள் சுருண்டன,
ஈரமாக.